கூடை என்று மட்டும் சொன்னேன்

அக்காவுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரியும். விலை கேட்பாள், பஸ் எங்கே போகிறது என்று விசாரிப்பாள். அதற்கு மேல் யாராவது வேகமாகப் பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அந்தப் பாஷை நன்றாக வரும். நுவரெலியா டவுனில் ஒரு துணிக்கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களத்தில்தான் பேரம் பேசுவார்கள். அதனால் எங்கள் குடும்பத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தாலும், அரசாங்கக் கச்சேரிக்குப் போக வேண்டியிருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முதுகில் கூடையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். ஒரே மகளை உடப்புசல்லாவைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், அக்கா தனியாகத்தான் இருந்தாள்.

முதுகுவலி என்று அவள் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், சற்றுக் கீழே. கொழுந்து பறிக்கிற பெண்களில் முதுகு வலிக்காதவள் யார்? யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பிறகு அவள் வேறு மாதிரிச் சொன்னாள்.

"வலி முதுகோட நிக்கலடி. நெஞ்சச் சுத்திக் கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு. மல்லாக்கப் படுக்க முடியல."

"அப்ப வேலைய வுட்டுட்டு எங்கிட்ட வந்து இருக்கா" என்றேன். "ஒனக்கும் ஓய்வா இருக்கும்."

அக்கா வந்துவிட்டாள். தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரில் சொன்னார்களாம். உண்மை என்னவென்றால், என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா மகனோடு இருக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். பிள்ளைக்கு ஒன்றரை வயது. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், சுற்றுலாக்காரர்களோடு போனால் நாலு நாள், ஐந்து நாள் வரமாட்டார். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனாலும் "இன்னும் எவ்வளவு நாளைக்கும்மா லீவு?" என்று கேட்டுவிட்டார். அந்த வாரம்தான் நான் அக்காவுக்கு ஓய்வு வேண்டும் என்று கண்டுபிடித்தேன்.

அக்கா வந்த ஒரு மாதத்தில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து கண்டிக்கு எழுதிக் கொடுத்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஜனவரியில் ஒரு காலை, படத்தையும் ரிப்போட்டையும் எடுத்துக்கொண்டு கண்டியில் நரம்பியல் டொக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம்.

அவர் பொறுமையான மனிதர். ஒரு தாளைத் திருப்பிப் போட்டு முதுகெலும்பை வரைந்தார். அதில் ஒரு எலும்பை மட்டும் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினார். எலும்புக்குள்ளே ரத்தக்குழாய்கள் சுருண்டு வளர்ந்து கட்டியாகியிருக்கின்றன என்றார். புற்றுநோய் இல்லை, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்படிப்பட்ட கட்டி எத்தனையோ பேர் முதுகில் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது அகப்படும், அதை யாரும் தொடுவதில்லை என்றார். அதுவரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"ஆனால் இவருடையது கொஞ்சம் வித்தியாசம்" என்றார். கட்டி எலும்பைத் தாண்டிப் பின்பக்கம் புடைக்கத் தொடங்கியிருக்கிறது. அங்கேதான் கால்களுக்குப் போகும் நரம்புத் தண்டு ஓடுகிறது. இன்னும் அழுத்தவில்லை, பக்கத்தில் வந்திருக்கிறது. அதற்கு என்னென்ன செய்யலாம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கேன் பார்க்கலாம். இல்லையென்றால் ஊசி வழியாக எலும்புக்குள் சீமெந்து மாதிரி ஒரு பசையை நிரப்பலாம், வலி குறையும், எலும்பும் உறுதியாகும், ஆனால் புடைத்திருக்கிற பக்கம் பசை கசிந்துவிடாமல் பார்த்துச் செய்ய வேண்டும். கதிர்வீச்சு கொடுக்கிற வழியும் உண்டு. கால் தளர்ந்தால் மட்டும் ஒப்பரேஷன், அது பெரிய வேலை, கட்டி முழுக்க ரத்தம் என்பதால் முதலில் அதற்குப் போகும் குழாய்களை அடைத்துவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும்.

பிறகு பேனாவை மூடிவிட்டு, "இரண்டு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள்" என்றார். கால் விறைத்தால், தளர்ந்தால், சிறுநீர் வராமல் போனால் அன்றைக்கே வர வேண்டும். அடுத்தது, "பர உஸ்ஸன்ன எபா." பாரம் தூக்க வேண்டாம்.

எபா என்றால் வேண்டாம் என்று அக்காவுக்குத் தெரியும். என் கையைத் தொட்டாள்.

"என்னா எபாங்கிறாரு?"

அறை வாசலில் என் வீட்டுக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பிள்ளை அக்காவைப் பார்த்துக் கை நீட்டியது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"கூடை தூக்கக் கூடாதாம்க்கா. இனிமே மலைக்குப் போகாதங்கிறாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சாதாக் கட்டியாம். மூணு மாசம் மருந்து குடிச்சிட்டு வரச் சொல்றாரு."

டொக்டர் என்னைப் பார்த்து, உங்கள் அக்கா என்ன நினைக்கிறார், ஊசியைப் பற்றி யோசிக்கிறாரா, அடுத்த மாதமே திகதி தரலாம் என்று கேட்டார். நான் அக்காவிடம் எதுவும் கேட்காமல், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அக்கா சொல்கிறாள் என்றேன். சிங்களத்தில், மிக மரியாதையாக. அவர் தலையாட்டிவிட்டுக் கார்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார்.

ஊசி என்றால் கண்டியில் படுக்க வேண்டும், பிறகு வீட்டில் ஓய்வு. பிள்ளையை யார் பார்ப்பது? அந்தக் கேள்வியை நான் அப்போது மனதுக்குள்கூட முழுசாகக் கேட்கவில்லை. அக்காவைப் பயமுறுத்தக் கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து மூன்று பேரும் சோறு சாப்பிட்டோம். அக்கா சந்தோஷமாக இரண்டாம் தரம் பருப்பு கேட்டு வாங்கினாள். "நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்டி" என்றாள்.

எங்கள் வீடு டவுனுக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து லீக்ஸ் மரக்கறிப் பாத்திகளுக்கு இடையில் அறுபது எழுபது படி ஏற வேண்டும். என் மகள் நடக்கக் கற்றிருந்தாலும் படி என்றால் தூக்கு என்று கையை உயர்த்துவாள். அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவாள், இறங்குவாள். கடைக்குப் போய்ப் பால் மா வாங்கி வருவாள். பிள்ளை நாளுக்கு நாள் கனத்தது. குழாயடியில் இருந்து தண்ணீர் வாளியைத் தூக்கப் போனால் மட்டும் நான் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வேன். "பாரம் தூக்காதக்கா" என்பேன். வாளி பாரம், பிள்ளை பாரமில்லை. அப்படித்தான் நடந்துகொண்டேன்.

ஏப்ரல் பிறந்தது. நுவரெலியாவில் சீசன். ஊர் முழுக்க வாகனமும் பூக்களும் வெளியூர் ஆட்களும். கடையில் மூச்சு விட நேரமில்லை. ஒரு சாயந்தரம் வேலை முடிந்து படியேறும்போது, நடுப்படியில் சேற்றுக்குள் ஒரு நீலச் செருப்பு கிடந்தது. அக்காவுடையது. எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அடுப்படியில் நின்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வலது காலில் செருப்பு, இடது காலில் கணுக்கால் வரைக்கும் சேறு.

"என்னாக்கா, செருப்ப நடு வழியில வுட்டுட்டு வந்திருக்க?"

குனிந்து காலைப் பார்த்தாள். அப்போதுதான் பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

"ஐயோ, கழண்டதே தெரியலடி" என்று சிரித்தாள். "குளுர்ல மரத்துப் போச்சி போல."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே, விறைத்தால் அன்றைக்கே என்று டொக்டர் சொன்னது, அவர் சொன்ன அதே சிங்களத்தில், அப்படியே காதில் கேட்டது. அந்த வார்த்தையை நான் அக்காவுக்குச் சொல்லவே இல்லை. அதனால் அவளுக்குப் பயப்படத் தெரியவில்லை. பயப்பட வேண்டியது நான் ஒருத்திதான். நான் என்ன செய்தேன் என்றால், தைலம் எடுத்து அவள் பாதத்தில் தேய்த்துவிட்டேன். சீசன் இன்னும் பத்து நாள். என் வீட்டுக்காரரும் ஊரில் இல்லை. சீசன் முடிந்த மறுநாள் கண்டிக்குப் போவது என்று முடிவு செய்தேன். எப்படியும் அந்த மாதக் கடைசியில் ஸ்கேன் திகதி இருக்கிறதே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பத்து நாள் முடியவில்லை. எட்டாம் நாள் காலையில் நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் பிள்ளை வீறிட்டு அழுதது. ஓடினேன். அக்கா சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள் முதலில். பிறகுதான், மெதுவாக, "காலு எங்க இருக்குன்னே தெரியலடி எனக்கு" என்றாள்.

முதல் நாள் சாயந்தரத்திலிருந்து ஒன்றுக்கே போகவில்லையாம். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். பிள்ளையைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வேன் பிடித்துக் கண்டிக்குப் போகும் வழியெல்லாம் வளைவுக்கு வளைவு அவளுடைய கால்கள் யாருடையவோ போல ஆடின. நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

வார்டில் எங்களிடம் வந்தவர் இளம் பெண் டொக்டர். யாழ்ப்பாணப் பக்கத் தமிழ். அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதுவரைக்கும் எந்த டொக்டரும் அவளிடம் நேராகப் பேசியதில்லை.

"அக்கா, நான் கதைக்கிறது விளங்குதோ?"

"வெளங்குதுங்க மிஸ்."

கார்டைத் திருப்பிப் பார்த்த அந்தப் பெண் கேட்டார். "கால் விறைக்கத் தொடங்கி எத்தனை நாள்? அண்டைக்கே வந்திருக்கலாமே. பெரிய டொக்டர் ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறார். பாரம் தூக்க வேண்டாம், கால் விறைச்சா உடன வரச் சொல்லி எழுதியும் இருக்கு. அந்த ஊசியையும் நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்தானே?"

அவர் குறை சொல்லவில்லை. எழுதியிருந்ததை வாசித்தார், அவ்வளவுதான். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீ கூடைன்னுதானே சொன்ன?"

எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை.

"என்னா ஊசி?" என்று கேட்டாள்.

பிறகு, "நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "மிஸ், எனக்கு மொதல்லேருந்து சொல்லுங்க. எல்லாத்தயும்."

நான் வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. நரம்புத் தண்டு நெரிபட்டுவிட்டது, இனிமேல் ஊசி மட்டும் போதாது என்று அந்தப் பெண் சொல்வது கேட்டது. முதலில் தொடையிடுக்கில் இருந்து மெல்லிய குழாய் விட்டுக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பார்கள், பிறகு முதுகைத் திறந்து நெரிக்கிற பகுதியை எடுப்பார்கள், எலும்பு உறுதிக்கு ஆணி போடுவார்கள். நிறைய ரத்தம் போகலாம். கால் திரும்ப வரும் என்று உறுதி சொல்ல முடியாது, எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. அக்கா கேள்வி கேட்டாள். உசிருக்கு ஆபத்தா? மயக்கம் தெளிய எவ்வளவு நேரம்? செய்யாவிட்டால் என்ன? அவ்வளவு கேள்விகள் அவளிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜனவரியிலும் அவை அவளிடம் இருந்திருக்கும். கடைசியில், "செஞ்சிருங்க மிஸ். எங்க கையெழுத்து வைக்கணும்?" என்றாள்.

அன்று பிற்பகலே குழாய்களை அடைத்தார்கள். மறுநாள் காலை ஒப்பரேஷன். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, கொழும்பிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். சமையல் கட்டிலிருந்து அப்படியே புறப்பட்டிருந்தார், சட்டையில் மஞ்சள் கறை. என் வீட்டுக்காரர் தன்னோடு வேன் ஓட்டுகிறவர்களில் நாலு பேரை ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்திருந்தார். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ இல்லாட்டி அவ கதி என்னாம்மா ஆகியிருக்கும்?" என்றார். ஆறு மணி நேரம் அந்த வார்த்தையோடு உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பதில் சொல்ல எழுந்தேன், உட்கார்ந்தேன். சொல்லவில்லை.

அக்கா பிழைத்தாள். சிறுநீர் சில வாரத்தில் சரியாயிற்று. வலது கால் நன்றாகத் தேறியது. இடது பாதம் மட்டும் முழுசாக வரவில்லை, இன்றைக்கும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வருகிறது. எடுக்க முடியாத இடத்தில் கொஞ்சம் கட்டி மிச்சம் இருக்கிறது, அதை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அல்லது வளராமல் இருக்க இப்போதே கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று சொன்னார்கள். அதையும் அக்காவே கேட்டு, யோசித்து, கதிர்வீச்சு என்று முடிவு செய்தாள். மாமா கொழும்பு வேலையை விட்டார். கண்டியில் தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை எடுத்து, அது முடியும் வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள். அக்கா என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு போவேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். பிள்ளையை எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் ஆள் கிடைத்துவிட்டது. தேடியிருந்தால் ஜனவரியிலும் கிடைத்திருக்கும்.

முடிந்ததும் என் வீட்டுக்கு வருவாள் என்று நினைத்து அறையைச் சுத்தம் செய்து வைத்தேன். அவர்கள் நேராக அக்கரப்பத்தனைக்குப் போய்விட்டார்கள். "அங்க அத்தன படி இருக்கு" என்று மாமா போனில் சொன்னார். படிதான் காரணம் என்று அவர் நம்பினார்.

ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறைக்கு, தனியாகப் போனேன். மாமா கடைக்குப் போயிருந்தார். அக்கா காம்பரா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மரக்கறி அரிந்துகொண்டிருந்தாள், பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். நான் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் சொன்னதை, நான் சொல்லாததை, வாசலில் பிள்ளை கை நீட்டியதை, செருப்பைக் கண்ட சாயந்தரத்தை, சீசனை. இடையில் நிறுத்தினால் தொடர மாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன்.

அக்கா கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கேரட்டை முழுசாக அரிந்து முடித்தாள்.

"ஊசின்னு சொல்லியிருந்தா நான் என்னா சொல்லியிருப்பேன்னு நெனைக்கிற?"

"தெரியலக்கா."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். முதுகுல ஊசின்னா எனக்குப் பயம். மூணு மாசம் பாக்கலாம்னுதான் நானும் சொல்லியிருப்பேன்." அரிந்ததை ஓரமாக ஒதுக்கினாள். "ஆனா அத நான்டி சொல்லணும்."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

"புள்ளயத் தூக்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சிருந்தாலும் தூக்கியிருப்பேனோ என்னமோ, அது கைய நீட்டுனா யாரால சும்மா இருக்க முடியும்? அந்தச் செருப்புதான்..." அதை முடிக்காமல் அடுத்த கேரட்டை எடுத்தாள். "அன்னைக்கி எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே பஸ் ஏறிப் போயிருப்பேன். சிங்களம் தெரியாட்டியும் கையக் காட்டிக் காலக் காட்டிச் சொல்லியிருப்பேன்."

எட்டு நாள் முந்தி வந்திருந்தால் இடது பாதம் பிழைத்திருக்குமா என்று அந்தத் தமிழ் டொக்டரிடம் நான் பின்னொரு நாள் கேட்டிருக்கிறேன். பிள்ளையைத் தூக்காமல் இருந்திருந்தால் கட்டி அழுத்தியிருக்காதா என்றும் கேட்டேன். "அப்பிடி அறுதியாச் சொல்லேலாது" என்றார். தூக்காமலும் வளர்ந்திருக்கலாம். முந்தி வந்திருந்தால் கட்டாயம் நல்லதுதான், எவ்வளவு நல்லது என்று தெரியாது. அவர் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். உறுதியாக ஆம் என்று சொல்லியிருந்தால்கூட என்னால் அதைத் தாங்கி ஒரு பக்கம் வைத்திருக்க முடியும். தெரியாது என்பதால் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

மாமா திரும்பி வந்ததும் அவரிடமும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டாள். "டீ போடு, போ" என்றாள். அவளுக்காக நிறுத்தினாளா, எனக்காகவா, அவருக்காகவா என்று கேட்கவில்லை. மாமா இன்றைக்கும் நான்தான் அக்காவைக் காப்பாற்றினேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வேறு ஏதாவது வேலை பார்க்கப் போவேன். அக்கா வெற்றிலையை மென்றுகொண்டிருப்பாள்.

கடந்த கிளினிக்குக்கு மாமாவுக்குக் காய்ச்சல், அதனால் அக்காவோடு நான் போனேன். ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடத்து ஸ்கேன். பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அக்கா என்னை உட்காரச் சொல்லிக் கையை அமர்த்தினாள். உள்ளே தமிழ் தெரிந்த தாதி ஒருவர் இருக்கிறார், அக்கா முன்கூட்டியே அவரைப் பிடித்து வைத்திருந்தாள். கோலை ஊன்றி, இடது பாதத்தைத் தேய்த்து, தானே கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து வந்தாள்.

"என்னாக்கா சொன்னாரு?"

"சொன்னாரு" என்றாள். "வா, பஸ்ஸு போயிரும்."

பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தேன். றம்பொடை ஏற்றத்தில் குளிர் வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் மறுபடி கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். பஸ் தேயிலை மலைகளுக்கு மேலே ஏறிய பிறகு அவளாகவே பேசினாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"மிச்சம் இருக்குறது அப்பிடியே இருக்காம், வளரல. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதுமாம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "பாதம் இனி இவ்வளவுதானாம்" என்றாள்.

நுவரெலியாவில் அவளுக்கு அக்கரப்பத்தனை பஸ் மாற்றிவிட்டு, சீட்டில் உட்காரும் வரைக்கும் நின்றேன். கோலைக் காலடியில் சரியாகச் சாய்த்து வைத்தேன். "ஞாயித்துக்கெழம புள்ளயக் கூட்டிக்கிட்டு வா" என்றாள். பஸ் கிளம்பியது. நான் கடைக்குப் போய் அரை நாள் வேலை பார்த்தேன்.